ஒன்பது மில்லிமீட்டர் வரி: ஆறு கத்தி அலகுகளின் பெல்ட் மெருகு பற்றிய நிகழ்வு ஆய்வு

கோவையில் நான் நடத்தும் சிறிய கத்திப் பட்டறைக்கு, ஒரே அளவில் ஆறு சமையலறைக் கத்திகள் வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. அலகின் நீளம் 180 மி.மீ., முதுகின் கனம் 2.5 மி.மீ., எஃகு ஈஎன் 31. பேரிங் செய்யப் பயன்படும் இந்த எஃகில் கார்பன் ஏறத்தாழ 1 விழுக்காடும், குரோமியம் அதற்குச் சற்று மேலும் இருக்கும். கேட்டவர் கண்ணாடிப் பளபளப்பை விரும்பவில்லை. உராய்வு மணி ஒட்டிய பெல்ட் சுற்றும் சாணை இயந்திரத்தில், முதுகிலிருந்து வாய் வரை நேர்க்கோடுகளாக இறங்கும் பெல்ட் மெருகே போதும், அதற்கு மேல் உப்புத்தாள் வைத்துக் கையால் தேய்க்க வேண்டாம் என்றார். ஒரு அலகைக் கையால் தேய்த்து முடிக்க எனக்கு இரண்டரை மணி நேரமாவது ஆகும் என்பதால், வேலை பாதியாகக் குறைந்ததாக எண்ணி மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டேன்.

அந்த மகிழ்ச்சி தவறானது. கையால் தேய்க்கும் கத்தியில் இயந்திரம் விட்டுச்சென்ற குறைகள் அனைத்தையும் உப்புத்தாளும் பொறுமையும் துடைத்துவிடும்; அதனால் இயந்திரத்தில் குறை இருப்பதே ஆண்டுக்கணக்கில் நமக்குத் தெரியாமல் போகலாம். பெல்ட் மெருகில் அந்தத் திரை கிடையாது. சக்கரம், மோட்டார், பெல்ட்டின் மூட்டு, கையின் நடுக்கம் ஆகிய ஒவ்வொன்றும் எஃகின் மேல் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறது.

இயந்திரம் நானே சட்டம் பற்றவைத்துச் செய்தது. 50 மி.மீ. அகலமும் 1,830 மி.மீ. நீளமும் கொண்ட பெல்ட், நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் இரண்டு குதிரைத்திறன் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு விஎஃப்டி, மோட்டார் தண்டில் மாட்டிப் பெல்ட்டை ஓட்டும் 125 மி.மீ. விட்டமுள்ள ஓட்டுச் சக்கரம், பெல்ட்டின் முதுகைத் தாங்கத் தட்டையான ஒரு பிளேட்டன் ஆகியவை அதன் உறுப்புகள். இவற்றைக் கொண்டு அதற்கு முன் நாற்பது கத்திகளுக்கு மேல் செய்திருந்தேன். அவை எல்லாமே கையால் தேய்த்து முடித்தவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆறு அலகுகளையும் பி 400 பெல்ட் வரை (பி எண் கூடக் கூட மணி நைசாகும்) ஓட்டி முடித்து, மறுநாள் காலை கிழக்கு ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டறையின் டியூப் லைட் மேலிருந்து பரவலாக விழுவதால் எந்தப் பள்ளத்துக்கும் நிழல் விழாது. சாய்ந்து வந்த காலை வெயிலிலோ, ஒவ்வொரு அலகும் காற்று வரிவரியாக நெளித்த மணல்போல் இருந்தது. அந்த வரிகளின் ஊடே, பெல்ட்டின் கோட்டுக்குச் சற்றுச் சாய்வாக அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆழமான கீறல்கள் தெரிந்தன. பிடியை ஒட்டிச் சரிவு தொடங்கும் இடத்தில், அதாவது நாங்கள் பிளஞ்ச் என்று சொல்லும் இடத்தில், ஒரு சிறு குழிவும் இருந்தது.

பெரும்பாலோர் செய்வதையே நானும் முதலில் செய்தேன். இன்னும் நைசான பெல்ட் வாங்கினால் எல்லாம் மறைந்துவிடும் என்று நம்பி பி 600, பி 800 பெல்ட்டுகளைத் தருவித்து ஒரு அலகை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். வரிகள் மறையவில்லை. பரப்பின் பளபளப்பு கூடியதால், முன்பு மங்கலாக இருந்தவை இப்போது துலக்கமாகத் தெரிந்தன. நைசான மணி சிறு கீறலைத்தான் எடுக்கும். அலைபோன்ற மேடுபள்ளத்தின் மேல் அதுவும் அலையாகவே ஏறி இறங்கிவிடும். அந்தப் பெல்ட்டுகளுக்குச் செலவான பணத்தைக் கற்றுக்கொண்டதற்கான கட்டணமாக எழுதிக்கொண்டேன்.

வரிகளை அளந்தது

வரிகள் சீரான இடைவெளியில் இருந்தன என்பதுதான் துப்பு. சீரான இடைவெளி என்றால், சீராகச் சுற்றும் ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அலகைத் தட்டுகிறது என்று பொருள். எது தட்டுகிறது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

மோட்டார் வினாடிக்கு 24 சுற்று. ஓட்டுச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 393 மி.மீ. ஆகவே பெல்ட் வினாடிக்கு 9.4 மீட்டர் ஓடுகிறது. 1.83 மீட்டர் நீளமுள்ள பெல்ட்டின் மூட்டு வினாடிக்கு ஐந்து முறைக்குச் சற்று மேலாக அலகைக் கடக்கிறது. ஓட்டுச் சக்கரத்தில் குறை இருந்தால் அது வினாடிக்கு 24 முறை தட்டும், பெல்ட்டை மேலே தாங்கும் 75 மி.மீ. விட்டமுள்ள மேல் சக்கரம் என்றால் 40 முறை. நான் அலகை 4 வினாடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால், கை வினாடிக்கு 45 மி.மீ. நகர்கிறது. அப்படியானால் மூட்டின் தட்டல் ஏறத்தாழ 9 மி.மீ.க்கு ஒன்றாகவும், ஓட்டுச் சக்கரத்தின் தட்டல் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும், மேல் சக்கரத்தினுடையது 1 மி.மீ. அளவிலும் விழ வேண்டும்.

கை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் போகாது என்பதால், செல்பேசியில் தாளம் தட்டும் செயலியை வினாடிக்கு ஒரு தட்டாக வைத்துக்கொண்டு, நான்கு தட்டுக்கு ஒரு இழுப்பு என்று அரை மணி நேரம் துண்டுத் தகட்டில் பழகினேன். பிறகு பழைய அலகு ஒன்றைத் தட்டையாக்கி, நீல மார்க்கரால் முழுவதும் பூசி, பி 220 பெல்ட்டில் ஒரே ஒரு முறை மெல்ல இழுத்தேன். ஒரே முறை என்பது முக்கியம். இரண்டாம் இழுப்பு முதல் இழுப்பின் வரிகளுக்கு இடையில் புகுந்து கணக்கைக் குழப்பிவிடும். மை போன இடமும் மை தங்கிய இடமுமாக, அலகு பட்டை பட்டையாக வந்தது. ஸ்கேலை வைத்து அளந்ததில், அழுத்தமான பட்டைகள் எட்டரை முதல் ஒன்பது மி.மீ. இடைவெளியில் இருந்தன. அவற்றுக்கு நடுவே, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, இரண்டு மி.மீ. இடைவெளியில் மெல்லிய வரிகளும் இருந்தன.

குற்றவாளிகள் இருவர் என்று தோன்றியது. உறுதி செய்ய, விஎஃப்டியை 50 ஹெர்ட்ஸிலிருந்து 25க்குக் குறைத்து, கையின் வேகத்தை மாற்றாமல் மறுபடி இழுத்தேன். இரண்டு வகை வரிகளும் விலகி ஏறத்தாழ இரட்டிப்பு இடைவெளிக்குப் போயின. சட்டத்தின் அதிர்வாகவோ என் கையின் நடுக்கமாகவோ இருந்திருந்தால், பெல்ட்டின் வேகம் பாதியானாலும் இடைவெளி மாறியிருக்காது. சட்டத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை போடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

பெல்ட்டின் மூட்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தபோது, மற்ற இடங்களில் 0.95 மி.மீ. இருந்த கனம் மூட்டில் 1.10 ஆக இருந்தது. மலிவு விலைக்கு மொத்தமாக வாங்கிய அந்தப் பெல்ட்டுகள், ஒரு முனையை மற்றதன் மேல் ஏற்றி ஒட்டும் முறையில் செய்தவை. முனைகளை எதிரெதிராகப் பொருத்தி, பின்புறம் மெல்லிய நாடா ஒட்டிய பெல்ட்டுகளும் கடையில் உண்டு. விலை சற்று அதிகம். ஏற்றி ஒட்டிய பெல்ட்டின் உள்பக்கத்தில் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அம்புக்குறி அச்சிட்டிருப்பார்கள். என் அலமாரியில் பாதி உபயோகித்த பெல்ட்டுகளை எடுத்துப் பார்த்தால், குறைந்தது மூன்றை நான் அம்புக்கு எதிராக மாட்டி ஓட்டியிருக்கிறேன். தேய்ந்த விதமே அதைச் சொன்னது.

இரண்டு மி.மீ. வரிகளுக்காக ஓட்டுச் சக்கரத்தின் விளிம்பில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றினேன். முள் 0.11 மி.மீ. ஆடியது. சக்கரத்தைக் கழற்றி, பக்கத்துத் தெருவில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் அதை மேண்ட்ரிலில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சக்கரம் வட்டமாத்தானுங்க இருக்குது, ஓட்டைதான் தொளதொளன்னு இருக்குது.” மோட்டார் தண்டைவிடத் துளை சற்றே பெரிதாக இருந்ததால், பக்கவாட்டில் இருந்து இறுக்கும் திருகு சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்திருக்கிறது. திருகை எவ்வளவு இறுக்குகிறேனோ அவ்வளவு மையம் விலகும். நான் அதிர்வு வரும்போதெல்லாம் அந்தத் திருகைத்தான் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். துளைக்குள் புஷ் எனும் உலோக வளையம் அடித்து, தண்டின் அளவுக்கே கடைந்து, சாவித்தடம் வெட்டித் தந்தார். திரும்ப மாட்டி அளந்தபோது ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் வந்திருந்தது. 2 மி.மீ. வரிகள் அன்றே போய்விட்டன.

பிளேட்டன்

இந்தச் சோதனைகளுக்கு நடுவில் பிளேட்டனின் மேல் ஒரு நேர்விளிம்பை வைத்துப் பார்த்தேன்; இடையே வெளிச்சம் வந்தது. ஃபீலர் கேஜின் 0.15 தகடு நடுவில் தாராளமாக நுழைந்தது. மைல்டு ஸ்டீல் தட்டை பெல்ட்டின் துணி முதுகு தேய்த்துத் தேய்த்துத் தொட்டிபோல் ஆக்கியிருந்தது. அந்தத் தொட்டிக்கு மேல் ஓடும் பெல்ட் நடுவில் அமுங்கி, இரு ஓரங்களிலும் அதிகமாக வெட்டும்.

புதிய தகடு வைத்தால் அதுவும் தேயும். கத்தி செய்பவர்கள் பலர் பிளேட்டனின் முகத்தில் கண்ணாடி பீங்கான் தகடு ஒட்டுகிறார்கள். அது சூட்டுக்கு விரியாது, எளிதில் தேயாது. தனியாக வாங்க விலை அதிகம் என்பதால், பழுதான இண்டக்‌ஷன் அடுப்பின் மேல்தகட்டை ஒரு ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கி, வைரச் சக்கரத்தில் தண்ணீர் விட்டு வெட்டி, எபாக்சியால் ஒட்டினேன். கீழே நழுவாமல் இருக்க ஒரு சிறு தாங்கியும் பற்றவைத்தேன். இதை முயல்பவர்கள் கேஸ் அடுப்பின் கண்ணாடியை எடுத்துவிடக் கூடாது. அது டெம்பர்டு கண்ணாடி; வெட்டத் தொடங்கியதுமே பொடிப்பொடியாகச் சிதறும்.

கண்ணாடி பீங்கானுக்கு ஒரு குணம் உண்டு. அது சிறிதும் விட்டுக்கொடுக்காது. தட்டையான சரிவுக்கு அது நல்லது. மூட்டின் தட்டலுக்கு மிகவும் கெட்டது. புதிய தகட்டின் மேல் பழைய பெல்ட்டை ஓட்டியபோது, 9 மி.மீ. வரிகள் முன்பைவிட ஆழமாக விழுந்தன. ஆகவே பி 120 வரை வெறும் தகட்டிலும், பி 220 முதல் அதன் மேல் கிராஃபைட் பூசிய துணியை மாட்டியும் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். அந்தத் துணி சற்று மெத்தென்று இருப்பதோடு உராய்வையும் குறைக்கிறது. நாடா மூட்டுள்ள, ஜே எடை எனப்படும் மெல்லிய துணி முதுகு கொண்ட பெல்ட்டுகளைக் கடைசி இரண்டு படிகளுக்கு மட்டும் வாங்கினேன். முதல் படிகளுக்குப் பழைய பெல்ட்டுகளே போதும். அவை விடும் வரிகளை அடுத்த படி எடுத்துவிடும்.

சாய்ந்த கீறல்கள்

வரிகளுக்குக் கணக்கு விடை தந்தது. கீறல்களுக்கு என் கஞ்சத்தனமே விடை.

பி எண்கள் வெறும் பெயர்கள் அல்ல. பி 36 மணியின் சராசரி அளவு ஏறத்தாழ 540 மைக்ரான், பி 60க்கு 270, பி 120க்கு 125, பி 220க்கு 68, பி 400க்கு 35. வரிசையைப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் மணி ஏறத்தாழ பாதியாவது தெரியும். முந்தைய பெல்ட்டின் பள்ளங்களின் அடி வரைக்கும் இறங்கி வெட்டுவது ஒவ்வொரு பெல்ட்டின் வேலை. நான் இந்த ஆறு அலகுகளிலும் பி 60க்குப் பிறகு, ஏற்கெனவே பத்துக் கத்திகளுக்கு உழைத்து ஓய்ந்த ஒரு பி 120ஐ ஓட்டிவிட்டு பி 220க்குப் போயிருந்தேன். ஓய்ந்த பெல்ட் வெட்டாது, தேய்க்கும். பள்ளங்களின் விளிம்பிலுள்ள எஃகை மடித்து உள்ளே அமுக்கி, பரப்பைச் சீரானதுபோல் காட்டும். அடுத்து வரும் கூரான புது பெல்ட் அந்த மடிப்பைக் கிழித்ததும், மறைந்ததாக நாம் நம்பிய பி 60 கீறல் மறுபடி எட்டிப் பார்க்கும். “நேற்று இல்லாத கீறல் இன்று எப்படி வந்தது?” என்று பலர் குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்குக் கண்ட வழி பழைய வழிதான். பி 60இல் அலகை நேராகப் பிடித்து ஓட்டினால், பி 120இல் முப்பது பாகையாவது சாய்த்து ஓட்டுவது. பி 220இல் மறுபடி நேராக. குறுக்கே போகும் கோடுகளுக்கு நடுவில் பழைய கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் வயலில் நிற்கும் கம்பம்போல் தனித்துத் தெரியும். அது போகும் வரை அடுத்த பெல்ட்டைத் தொடக் கூடாது. பிளஞ்சை ஒட்டிய விரற்கடை இடத்தில் அலகைச் சாய்க்க முடியாது என்பதால், அங்கே மட்டும் மார்க்கர் பூசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓய்ந்த பெல்ட்டுகளை மரப்பிடி வேலைக்கு என்று தனி ஆணியில் மாட்டிவிட்டேன்.

இவ்வளவு செய்த பிறகும் சில கீறல்கள் வந்தன. அவை வேறு சாதி: குட்டையானவை, காற்புள்ளிபோல் வளைந்தவை, எந்தத் திசைக்கும் கட்டுப்படாதவை. அவற்றின் ஊற்றைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அலகைக் குளிர்விக்க நான் முக்கும் தண்ணீர் வாளிதான் அது. பி 36இலிருந்து பி 400 வரை எல்லாப் படிகளுக்கும் ஒரே வாளி. அடியில் கையை விட்டுத் துழாவினால் கருப்புச் சேறும், அதில் உதிர்ந்த பெல்ட் மணிகளும் விரலில் நெருடின. ஒவ்வொரு முக்கலிலும் அந்தப் பெரிய மணிகளில் ஒன்றிரண்டு ஈர அலகில் ஒட்டி, நைசான பெல்ட்டின் அடியில் சிக்கி உருண்டிருக்கின்றன. இப்போது பி 220க்கு மேல் தனி வாளி, நாள்தோறும் புதுத் தண்ணீர், ஒவ்வொரு முக்கலுக்கும் பிறகு பழைய வேட்டித் துணியால் ஒரு துடைப்பு. புது பெல்ட்டிலும் சில மணிகள் மற்றவற்றைவிடத் தலைதூக்கி நிற்கும் என்பதால், முதலில் ஒரு எஃகுத் துண்டின் மேல் அரை நிமிடம் ஓட்டி அவற்றின் கொட்டத்தை அடக்கிய பிறகே அலகைக் காட்டுகிறேன்.

சூடு

முக்குவதைக் குறைத்தால் கீறல் குறையும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த அலகுகள் 840 டிகிரிக்குச் சூடேறி எண்ணெயில் தோய்ச்சல் பெற்று, 200 டிகிரியில் இரண்டு முறை பதம் இறக்கப்பட்டவை. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டி நிற்பவை. வாய் மெலிந்திருக்கும் நிலையில், பெல்ட்டின் உராய்வால் அந்த 200 டிகிரியை ஒரு கணம் தாண்டினாலும் அந்த இடத்தின் கடினம் இறங்கத் தொடங்கும். வைக்கோல் மஞ்சள் நிறம் தோன்றினால் எச்சரிக்கை. நீலம் தோன்றினால் அந்த இடம் கெட்டது, மெருகு போட்டு நிறத்தை மறைத்தாலும் பதம் திரும்பாது. கையுறை இல்லாமல் வெறும் விரலால் பிடித்து, விரல் பொறுக்காத சூட்டில் முக்குவதே நான் நம்பும் அளவுகோல். மூக்குக்கும் கண்ணுக்கும் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. முகமூடியும் கண்ணாடியும் போட்டே ஆக வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் சூடு குறையும். ஆனால் மேலே போட்ட கணக்கின்படி, வேகம் குறையக் குறைய மூட்டு விடும் வரிகள் விலகி, கண்ணுக்கு எளிதாகப் படும். முன்பு 15 ஹெர்ட்ஸில் கடைசி இழுப்பை இழுத்தபோது அகல அகலமான பட்டைகள் வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. மூட்டைச் சரிசெய்த பிறகு 20 ஹெர்ட்ஸில் நின்றுகொண்டேன். பெல்ட் அப்போது வினாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும்.

கடைசி இழுப்புகள் எல்லாம் ஒரே திசையில், பிளஞ்சிலிருந்து முனைக்கு. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு இடுப்பிலிருந்து உடல் நகர வேண்டும். மணிக்கட்டை மட்டும் நகர்த்தினால் அலகு வில்போல் வளைந்து போகும். முனை நெருங்கும்போது பரப்பு குறுகுவதால் அதே அழுத்தம் அங்கே இரட்டிப்பாக வெட்டும். எனவே கடைசி ஓர் அங்குலத்தில் கை இலேசாக வேண்டும். த்ரீஎம் செய்யும் ட்ரைசாக்ட் வகையில் ஏ 45 பெல்ட்டையும் ஒரு அலகில் பார்த்தேன். அதில் மணிகள் சிறு கூம்புகளாக வார்க்கப்பட்டிருப்பதால் தேயத் தேயப் புது மணி வெளிப்படுகிறது; சாதாரண பி 400ஐவிடக் கோடுகள் ஒரே சீராக விழுந்தன. நைலான் இழையாலான ஸ்காட்ச் பிரைட் வகைப் பெல்ட்டைக் கடைசியில் ஓட்டி எல்லாவற்றையும் மங்கலாக்கி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பார்வைக்கு மென்மையாக இருக்கும். சரிவின் கூரிய விளிம்புகளையும் அது மழுக்கிவிடுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை; அடியில் இருக்கும் குறைக்கு அது பவுடர் பூசுவதாகவே படுகிறது.

ஆறு அலகுகளின் கதி

ஆறையும் பி 60இலிருந்து மறுபடி தொடங்கினேன். அலையின் பள்ளம் வரை இறங்க வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 0.05 மி.மீ. அளவுக்கு எஃகு போனது. வாயில் 0.35 மி.மீ. கனம் வைத்திருந்த நான்கு அலகுகள் அதைத் தாங்கின. ஒன்று 0.2 மி.மீ.க்கும் கீழே போய்விட்டது. தேங்காய்ச் சில்லையோ எலும்பையோ தொட்டால் வாய் மடியும் என்று சொல்லி, காய்கறிக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன் விலை குறைத்துக் கொடுத்தேன். அவர் அதைத்தான் அதிகம் புழங்குவதாகப் பின்னர் சொன்னார். சன்னமான வாய் வெங்காயத்தில் வழுக்கிக்கொண்டு போகும், அதனால் இருக்கலாம்.

ஆறாவது அலகில் பிளஞ்சின் குழிவு போகவில்லை. அதற்குக் காரணம் சக்கரமோ பெல்ட்டோ அல்ல. ஓடும் பெல்ட்டில் அலகை முதலில் வைக்கும் கணத்தில் என் கை நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. நிற்கும் அந்த அரை வினாடியில் பெல்ட் குழி தோண்டிவிடுகிறது. பெல்ட்டின் ஓரத்தைப் பழைய சாணைக் கல்லில் தேய்த்து மென்மையாக்கியும், பிளேட்டன் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மி.மீ. வெளியே ஓடவிட்டும் பார்த்ததில், கூர்ப்படியாக விழுந்த தடம் வளைந்து இறங்கும் தடமாக மாறியது. குழிவு சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான். அலகு பெல்ட்டைத் தொடும்போதே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அந்தக் கத்திக்குப் பதிலாக வேறொன்று செய்து கொடுத்துவிட்டு, அதை எங்கள் வீட்டுச் சமையலறையில் போட்டுவைத்திருக்கிறேன். காலை வெயில் சாய்ந்து விழும்போது, பிடிக்கு அருகில் அந்தக் குழி கட்டைவிரல் ரேகை அகலத்துக்கு இன்னும் தெரிகிறது.